வீட்டில் அரைத்த பொடி

பெல்ட் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. கறுப்புப் பட்டை அசையாமல் கிடக்கிறது. திருச்சியிலிருந்து வந்த விமானத்து ஆட்கள் எல்லோரும் அதைச் சுற்றி நிற்கிறோம். நான் கையில் போனை வைத்துக்கொண்டு ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாஸ்போர்ட் வரிசையில் நின்றபோதே மேகலாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாயிற்று. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "நான்தான். ஷார்ஜா வந்து இறங்கிட்டேன். அந்தக் கறிப்பொடியில கசகசா போட்டியா? கேட்ட உடனே சொல்லு" என்று. பதினொரு நொடி. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அரபியிலும் கிட்டத்தட்ட இதே பேர்தானாம், கஷ்காஷ் என்பார்களாம், விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய் சொன்னார். அப்படியென்றால் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது போனில் வேறு இருக்கிறது. பிடித்தால் போனைத்தான் முதலில் வாங்குவார்கள். அவனே கேட்டிருக்கிறான் பார், தெரிந்துதான் கொண்டு வந்திருக்கிறான் என்பார்கள். அழித்துவிடலாமா? அழித்தால் அழித்ததற்கு ஒரு அடையாளம் நிற்கும், எதை அழித்தாய் என்று கேட்பார்கள். ஒற்றை டிக் என்றால் அவள் போனில் நெட் இல்லை என்று அர்த்தம். பஸ்ஸில் இருப்பாள். காலையில் என்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு, திருச்சி ஹாஸ்டலில் நிவேதாவைப் பார்த்துவிட்டு, சாயந்திரத்துக்குள் அறந்தாங்கி போய்விடுவதாகச் சொன்னாள். பஸ் ஏறினால் நெட்டை அணைத்துவிடுவாள். சார்ஜ் போய்விடும் என்று பயம்.

பாய் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நான் நிம்மதியாக நின்றிருப்பேன். பக்கத்து இருக்கைக்காரர் அவர், ஜெயினுலாபுதீன், பாபநாசத்துக்காரர், இங்கே தையல்கடையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு பேச்சுக்குப் பேச்சாக, "ஊர்லேர்ந்து என்ன கட்டிக்கிட்டு வர்றீங்க?" என்றார். எலுமிச்சை ஊறுகாய், கறிப்பொடி என்றேன். "கடைப் பொடியா, வூட்டுப் பொடியா?" வீட்டில் அரைத்தது என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, உண்மை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அரைத்துக் கொடுத்திருந்தாள். அவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "என்னென்ன போட்டாங்க?" என்றார். தெரியாது பாய் என்றேன். "கேக்கலையா?" இல்லை என்றேன். "கசகசா போட்டிருந்தா என்ன செய்வீங்க? நம்மூருக்கு அது மசாலா. இங்க அது அபின் சாமான். ஒருத்தரு குருமாவுக்குன்னு ஒரு சின்னப் பொட்டலம் கொண்டாந்துட்டு ரெண்டு மாசம் உள்ள கெடந்தாராம். நான் பார்த்ததில்ல, சொல்லக் கேள்விதான்." அரைத்த பிறகு யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். "மெஷினுக்குத் தெரியுமோ என்னமோ. நாய் வச்சிருக்கானுவ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அதன் பிறகு கண் மூடவில்லை. கீழே கடல் தெரிந்தது, அப்புறம் கடலில் நிற்கும் கப்பல்கள், அப்புறம் மணல். எல்லாவற்றின் மேலும் அவருடைய அந்தக் கேள்விதான் போய்க்கொண்டிருந்தது. கசகசா போட்டார்களா என்பது அல்ல. கேக்கலையா என்றாரே, அது.

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? இந்தத் தடவை நாற்பத்தைந்து நாள் லீவு, வீட்டில் நானும் அவளும் மட்டும். நிவேதா நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவள் இருந்தவரை எனக்குத் தெரியவே இல்லை, எங்கள் பேச்சு முழுக்க அவள் வழியாகத்தான் நடந்திருக்கிறது என்று. அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு. அம்மாட்ட அந்தச் சட்டை எங்கேன்னு கேளு. கல்யாணம் ஆன நாலாம் மாசம் நான் விமானம் ஏறினேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றரை மாசம். கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் சேர்ந்து இருந்தது ஒன்றரை வருஷம் வராது. சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. சண்டை போடவும் ஒரு பழக்கம் வேண்டும் போல. போனில் பேசுவோம், மழை பெய்ததா, அண்ணன் வந்தாரா, சரி, நிவேதாட்ட குடு. முதல் வாரம் நான் வீட்டில் எல்லாவற்றையும் ரிப்பேர் பார்த்தேன். நான் ஏசி மெக்கானிக், கை சும்மா இருக்காது. ஃபேனுக்குக் கண்டன்சர் மாற்றினேன், சொட்டிய குழாயை நிறுத்தினேன், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். பன்னிரண்டாம் நாள் வீட்டில் பழுது என்று எதுவும் மிச்சமில்லை. அன்றைக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேகலா அடுப்படி வாசலில் வந்து நின்று பார்த்தாள். அப்புறம் அம்மியில் தேங்காய் அரைக்கப் போனாள். அடுத்த நாள் நிவேதா ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, அம்மா கேக்குறாங்க, நீங்க நண்டு சாப்பிடுவீங்களா, உடம்புக்கு ஒத்துக்குமான்னு" என்றாள். மேகலா அப்போது பத்தடி தள்ளி, கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சாப்பிடுவேன்னு சொல்லு என்றேன், திருச்சியில் இருக்கிற பிள்ளையிடம்.

பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது. முதலில் யாருடையதோ நீலப் பெட்டி. அப்புறம் அட்டைப் பெட்டிகள், கயிறு கட்டியவை, டேப் சுற்றியவை. வெளியே போகும் வழியில் பெரிய ஸ்கேன் மெஷின் இருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாய் எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? ஒற்றை டிக். மொட்டை மாடியில் மிளகாய் காய்ந்தது ஞாபகம் வருகிறது. முப்பதாம் நாளோ என்னவோ, துணி எடுக்கப் போனவன் பார்த்தேன். சாக்கை விரித்து மிளகாய், இன்னொரு சாக்கில் மல்லி. காக்காய் வராமல் இருக்கக் கறுப்புக் குடையை விரித்து வைத்திருந்தாள். வீட்டுக்குத்தான் போல என்று நினைத்துக் கீழே வந்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு நாள் கடைக்கு ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்தாள். நான் எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தேன். மிளகாய், மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு, மிளகு, சீரகம். கசகசா நூறு. ஆமாம், கசகசா நூறு. சீட்டில் இருந்தது, கடைசி வரி. கடைக்காரர் தராசில் போட்டுக்கொண்டே, விலை ஏறிப்போச்சு அண்ணே, ஐம்பதாப் போடட்டுமா என்றார். நான்தான் நூறாகவே போடச் சொன்னேன். நானே கையில் வாங்கியிருக்கிறேன். இதை இவ்வளவு நேரம் எப்படி மறந்தேன்? மிளகாய் காய்ந்த பிறகு ஒரு சாயந்திரம் அடுப்படியில் வறுபடும் வாசம் வந்தது. தண்ணீர் குடிக்கப் போனபோது மேடையில் பழைய பேப்பரில் வெள்ளையாகப் பொடிப் பொடியாக என்னமோ கொட்டி ஆறவைத்திருந்தாள். ரவையாகவும் இருக்கலாம். ரவையை எதற்குக் கறிப்பொடிக்கு வறுக்கிறாள்? மறுநாள் காலை உப்புமா செய்தாளா? செய்தாள். இல்லை, அது முந்தின வாரம்.

என் பெட்டி வந்துவிட்டது. பெட்டிக்கு முன் அதன் மேலிருந்த எழுத்துதான் தெரிந்தது. மேகலா மார்க்கர் பேனாவால் இங்கிலீஷில் பெரிய எழுத்தாக என் பேரை எழுதியிருக்கிறாள், அடைக்கலம் என்று, 'கே' ஒன்று குறைவாக. அவள் வாயால் என் பேரை ஒரு நாளும் சொன்னதில்லை. எழுதும்போது மனசுக்குள் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? எழுத்துக் கூட்டித்தானே எழுத முடியும். தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தேன். பாயும் பக்கத்தில் வந்து தன் சூட்கேஸை இறக்கினார். "பதில் வந்துச்சா?" இல்லை பாய். "பொம்பளைங்க போன் எடுக்குறதே அதிசயம். பேசாம போங்க, நூத்துல ஒருத்தரைத்தான் தொறக்கச் சொல்லுவான்." கொஞ்சம் நின்று, "இல்ல, ஏன் வம்பு, போட்டுட்டே போயிருங்க. பொடிதானே" என்றார். இரண்டையும் அவரே சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பொடிதானே. நூற்றில் ஒருவன் நானாக இருந்தால்? விசா புதுப்பிக்க இன்னும் மூன்று மாசம் இருக்கிறது. நிவேதா இரண்டாம் வருஷம்கூடப் போகவில்லை. யார் போய் மேகலாவிடம் சொல்வார்கள், உன் வீட்டுக்காரரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நீ அரைத்த பொடிக்கு என்று? அவள் அதைக் கேட்டுவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பாள்? சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு. அப்படித்தான் உட்காருவாள். இது எனக்குத் தெரிந்திருக்கிறது.

கழிப்பறைக்குப் போகும் சந்தில் ஒரு பெரிய குப்பைத்தொட்டி இருக்கிறது. வண்டியை அங்கே ஒதுக்கிச் சாவியால் கயிற்றை அறுத்தேன். மேலே கைலி, துண்டு, ஊறுகாய் டப்பா. அடியில் அவளுடைய பழைய நைட்டித் துணியில் சுற்றி இரண்டு பொட்டலம். ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும். கனமான பிளாஸ்டிக் கவர், இரண்டு சுற்று. வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டியிருக்கிறாள், ஓரம் கருகிச் சுருண்டிருக்கிறது. ஒரு இடத்தில் சரியாக ஒட்டாமல் மறுபடி காட்டியிருக்கிறாள். கேமரா எங்கே இருக்கும்? மேலே பார்க்கக் கூடாது, பார்த்தால் சந்தேகம் வரும். ஒரு பொட்டலத்தின் ஓரத்தைப் பல்லால் கிழித்தேன். குப்பென்று வந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் இழுத்துப் பார்த்தேன், கசகசா இருந்தால் எப்படி மணக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? உடனே தும்மல். ஒன்று, இரண்டு, நாலு தும்மல். கண்ணில் தண்ணீர். தரை துடைத்துக்கொண்டிருந்த வயசான ஆள் ஒருத்தர் நிமிர்ந்து பார்த்து இந்தியில், உடம்பு சரியில்லையா என்றார். ஒன்றுமில்லை, சளி என்றேன். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். உறைப்பு, மல்லி, அப்புறம் பின்னால் ஏதோ ஒன்று, லேசாக, கடலை மாதிரி, பால் மாதிரி. அதுதானா? பத்தொன்பது வருஷத்தில் ஒவ்வொரு லீவிலும் அவள் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன், அதில் என்ன இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியவில்லை. போனை எடுத்தேன், ஒற்றை டிக். ஐந்து நிமிஷம் பார்ப்போம் என்று நின்றேன். பெல்ட் பக்கம் ஆள் குறைந்துவிட்டது. கடைசி ஆளாகப் போனால் கட்டாயம் கூப்பிடுவார்கள். தரை துடைக்கிறவர் பக்கெட்டைத் தள்ளிக்கொண்டு என் பக்கமாக வந்தார். அவரிடம் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என் பயத்தை அவர் தலையில் கட்டுவதா? இரண்டு பொட்டலத்தையும் தொட்டியில் போட்டேன். சத்தம் கேட்டது, கனமாக. மேலே டிஷ்யூ பேப்பரை உருவி உருவிப் போட்டேன். அந்த ஆள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளைச் சட்டை அதிகாரி போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பெட்டியை மெஷினில் வைத்தேன். அந்தப் பக்கம் வந்தது. எடுத்துக்கொண்டு போ என்று விரலால் காட்டினார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு திறந்தது, வெக்கை முகத்தில் அறைந்தது, பின்னால் கதவு மூடியது. கம்பெனி வேன் வர அரைமணி ஆகும் என்று டிரைவர் மெசேஜ் போட்டிருந்தான். தூண் ஓரம் நிழலில் வண்டியை நிறுத்தினேன். அப்போதுதான் போன் அதிர்ந்தது. மேகலா. வாய்ஸ் மெசேஜ், ஒரு நிமிஷம் ஒன்பது நொடி. காதில் வைத்தேன். முதலில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல், யாரோ தஞ்சாவூர் தஞ்சாவூர் என்று கத்துகிறார்கள். அப்புறம் அவள். "கேக்குதா? புதுக்கோட்டையில இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிக்கிறேன், இப்பத்தான் நெட்டைப் போட்டேன். கசகசாவா? நான் போடலையே. அது அங்க ஆகாதுல்ல? நிவேதா ஒண்ணாப்பு படிக்கையில நீங்க வந்திருந்தப்ப எங்கண்ணங்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தீக, அந்த ஊர்ல கசகசா கொண்டு போனாப் புடிச்சு வச்சுக்கிருவான்னு. நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். சீட்டுல பழக்கத்துல எழுதிப்புட்டேன். நீங்க வாங்கியாந்தது அப்படியே டப்பாவுல கிடக்கு. அதுக்குப் பதிலு பொட்டுக்கடலையும் கொஞ்சம் பச்சரிசியும் வறுத்துப் போட்டிருக்கேன், குழம்பு கெட்டியா வரும். ஒரு கரண்டி போதும், உறைப்பு கூட. கறி வேகயில போடாதீக, வெந்த பிறகு போடுங்க." பஸ் ஹாரன். "பயந்துட்டீகளா?" அதோடு முடிந்தது.

இரண்டாம் தடவை கேட்டேன். நான் எப்போது சொன்னேன்? மச்சானிடம் அப்படிச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. சொல்லியிருப்பேன், வெளிநாட்டுக்காரன் ஜம்பத்தில் ஆயிரம் சொல்லியிருப்பேன். எனக்கே தெரியாமல் போனதை அவள் அடுப்படியில் பன்னிரண்டு வருஷமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு ஓடினேன். செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தான். உள்ளே ஒரு சாமான் விட்டுவிட்டேன் என்றேன். இது ஒருவழி, அந்தப் பக்கம் ஆபீசில் எழுதிக் கொடு, என்ன சாமான் என்றான். என்ன சாமான்? குப்பைத்தொட்டியில் போட்ட கறிப்பொடி என்று எப்படி எழுதிக் கொடுப்பது? கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சந்து தெரியவில்லை, மெஷினும் அந்த அதிகாரியின் முதுகும்தான் தெரிந்தன. திரும்பி வந்து தூணில் சாய்ந்தேன். பொடி பத்திரமாக வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அடுத்த வாரம் கேட்பாள், குழம்பு வச்சீகளா, உறைப்பு எப்படி என்று. நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த வாரமும். தீர்ந்துவிட்டதா என்று கேட்பாள், எப்போது தீர்ந்தது என்று நானே ஒரு நாளை முடிவு செய்ய வேண்டும். இல்லாத பொடியை நான் மாசக்கணக்கில் சாப்பிட வேண்டும். ஏற்கெனவே எங்களுக்குள் பேச அவ்வளவுதான் இருக்கிறது, அதிலும் பொய்யா?

நேர் போனில் கூப்பிட்டேன், காசு போகிற ஐஎஸ்டி கால். எங்கள் வீட்டில் அப்படிக் கூப்பிட்டால் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் அர்த்தம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க, புடிச்சுட்டாகளா?"

"இல்ல, இல்ல. வெளிய வந்துட்டேன்."

"அப்பாடா. பொடி?"

"தூக்கிப் போட்டுட்டேன், மேகலா. உன் பதில் வர்றதுக்குள்ள போட்டுட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ரெண்டு பொட்டலமுமா?"

"ரெண்டும்."

"பத்து நாளு காய வச்சேன்." கோபமாகச் சொல்லவில்லை. யாரிடமோ கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "கொடையப் புடிச்சுக்கிட்டு மாடியிலயே உக்காந்திருந்தேன். ஒரு நாளாவது வந்து எதுக்குடி இதுன்னு கேப்பீகன்னு பாத்தேன். மிளகா வாங்கியாந்தீக, மல்லி வாங்கியாந்தீக, மிசினுக்குத் தூக்கிக்கிட்டுப் போகயில வாசல்லதான் நின்னீக. நான் வாயத் தொறந்து சொன்னா என்ன, நீங்க கேட்டா என்ன? ரெண்டு பேரும் ஊமை மாதிரி."

அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"பிரிச்சாவது பாத்தீகளா, அப்படியே போட்டீகளா?"

"ஒண்ணைப் பிரிச்சேன். மோந்து பாத்தேன். நாலு தும்மல். சுத்தமா கண்ணு தெரியல. தரை துடைக்கிற ஆளு பக்கெட்டை விட்டுட்டு என்னைத் தூக்க வந்துட்டாரு." கடைசியில் சொன்னது மட்டும் கொஞ்சம் கூட்டியது.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. மூச்சு முட்டி வெளியே வருகிற மாதிரி, விட்டு விட்டு. பஸ்காரன் கத்தியதில் சரியாகக் கேட்கவில்லை. தூரத்தில் எங்கள் கம்பெனி வேன் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் பெட்டியைத் தொடாமல் போனை இன்னும் இறுக்கிக் காதில் அமுக்கினேன்.

"சிரிக்கிறியா, அழுவுறியா?" என்று கேட்டேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ரெண்டு வருசம் கழிச்சு வருவீகல்ல? அப்ப வந்து பாத்துக்கிடுங்க."